இரண்டாம் நாள் விரிப்பு

கறையக்கா என்று கேட்டால் அந்த மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் யாரும் கை காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், எந்தத் தூளுக்கும் மசியாத ஒரு மைக்கறையை அவள் வெறும் பாலில் ஊறவைத்து எடுத்துக் காட்டினாள். அன்றைக்கு இஸ்திரிக்காரர் வைத்த பெயர் அது. "டாக்டருக்குப் பட்டம் காலேஜ்ல குடுக்கறாங்க, நம்ம அக்காவுக்கு நான் குடுத்தேன்" என்று அவர் பீற்றிக்கொள்வார். பட்டம் ஒட்டிக்கொண்டது. "அத மட்டும் அக்காவாலயே போக்க முடியல" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருந்தார்.

கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரோரமாகச் சூடேறிய குழாய்கள், ஆளையே உள்ளே வைத்துச் சுற்றலாம் போல ஆறு பெரிய டிரம்கள், நடுவில் துணி பிரிக்கிற நீள மேசை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டியில் இறங்கும். ரத்தம் பட்டது ஒரு பக்கம், சீழ் பட்டது ஒரு பக்கம், வெறும் வேர்வை ஒரு பக்கம். ரத்தத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் துணியோடு வெந்து உட்கார்ந்துகொள்ளும். காயத்தில் தடவுகிற பழுப்பு மருந்து பார்க்கத்தான் பயங்கரம், உலர உலர வெளுத்து ஓர் அலசலில் ஓடிவிடும். பித்தம் அப்படியில்லை. ஈரத்தில் மஞ்சளாக இருக்கும், காயக் காயப் பச்சையாகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஆனாலும் மனுஷ உடம்பிலிருந்து வெளியே வருகிற எதையும் விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒரு படிப்பைக் கொடுக்கிறான், தனக்குக் கொடுத்தது இது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தக் கூடத்தில் எழுதி மாட்டாத ஒரு சட்டம் இருந்தது. துணியில் பார்த்ததை மேலே சொல்லக் கூடாது. புதிதாக வந்த ஒரு பெண் ஒருமுறை யாருடைய விரிப்பிலோ ரத்தத்தைப் பார்த்துப் பதறி, படியேறி ஓடி, வார்டில் நின்ற பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டாள். "நீ துணிய வெளு, வியாதிய நான் பாத்துக்கறேன்" என்றாராம் அவர். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. பயத்தால் மட்டும் வந்த சட்டம் என்றும் சொல்ல முடியாது. "படுக்கையில ஒருத்தர் எப்படிக் கெடந்தாருன்னு நமக்குத் தெரியும். அது நம்மளோட போகட்டும்" என்று கறையக்காவே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மானத்தைக் காப்பதும் ஒரு வேண்டுதல் போலத்தான் அவளுக்கு.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர்கள் சந்தித்ததே ஒரு லிஃப்டால்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், சலவைத் துணி வண்டியோடு இரண்டு மாடிக்கு நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பயப்படாதீங்க. உள்ள எத்தன பேரு?"

"நானும் நாப்பத்தெட்டு தலகாணி உறையும்."

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்ப முதல்ல உறைங்கள இறக்கிடறேன், அவங்கதான் பாவம்" என்றது குரல். அப்படிப்பட்ட மனிதர். கல்யாணம் ஆகி, ஒரே பெண் பிறந்து, அவள் வளர்ந்து கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிற வேலைக்குப் போகிற வரைக்கும் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

ஐம்பத்து மூன்றாம் வயதில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஆளைச் சுருட்டிப் போடும். படம் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையில் கல். பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பெரிய வெட்டெல்லாம் இல்லை, நாலு ஓட்டை போட்டுக் குழாய் வழியாகச் செய்வது, மூன்றாம் நாள் வீடு. மகள் வேறு இடத்திலும் விசாரிக்கலாம் என்றாள். கறையக்காதான் பிடிவாதமாக, "நம்ம ஆஸ்பத்திரியிலயே செஞ்சுக்கலாம். அந்த டாக்டர் கை சுத்தம்" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவர் மேசையிலேர்ந்து இறங்கற துணியப் பார்த்திருக்கேன். மத்தவங்க துணியில இருக்கற ரத்தத்துல கால்வாசி கூட இருக்காது."

மகள் சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். "உங்கம்மா என்னை மாப்பிள்ளையாப் பார்த்ததும் இப்படித்தான். சட்டைக் காலர் அழுக்கில்லைன்னு சரின்னா." ஆனால் அவர்கள் மூவருமே அதை நம்பித்தான் போனார்கள். டாக்டரைத் துணியால் எடைபோட்ட தன் கணக்கை அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவள் நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறாள்.

அறுவை முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். வயிற்றின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய் விட்டு, அதன் நுனியில் ஒரு பை கட்டியிருந்தார்கள். உள்ளே ஏதாவது கசிந்தால் அதில் வந்து சேரும். கறையக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜெபித்தபடி இருந்தாள்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணி இருக்கும். "ஏம்மா, கீழ ஈரமா இருக்கு" என்றார் அவர். போர்வையை விலக்கிப் பார்த்தாள். குழாய் நுழைகிற இடத்தைச் சுற்றிக் கட்டு நனைந்து, விரிப்பில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். பையைப் பார்த்தாள். ஏறக்குறையக் காலி. குழாய்க்குள் அடைப்பு போல, உள்ளே இருந்தது குழாய் வழியாக வராமல் பக்கவாட்டில் வழிந்திருக்கிறது. விரலை வைத்தாள். வழவழவென்றிருந்தது.

"என்ன கலரு?" என்று கேட்டார். கழுத்தைத் தூக்கிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"மருந்துங்க. ஆபரேஷன்ல தடவுனது."

"நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

விரலுக்குத் தெரிந்ததை மனசு கேட்க மறுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அலமாரியில் அவளே முந்தின வாரம் மடித்து அடுக்கிய விரிப்புகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள், அவரை மெல்லப் புரட்டி மாற்றினாள், கட்டின் மேல் புதுத்துணி வைத்தாள். நனைந்ததைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். அதை அப்படியே வார்டு கூடையில் போட்டிருக்கலாம். போட மனசு வரவில்லை. எட்டு மணிக்கு அது கீழே இறங்கும், பிரிப்பு மேசையில் விரியும், "யாருது இது, மூணாம் வார்டா?" என்று யாராவது முகம் சுளிப்பார்கள். முப்பது வருஷமாக அடுத்தவர் மானத்தைக் காத்தவளுக்குத் தன் புருஷன் மானத்தைக் காக்கத் தோன்றியதில் என்ன அதிசயம்!

கீழே இறங்கினாள்; சலவைக் கூடத்தில் அந்நேரம் யாரும் இல்லை. கல்தொட்டியில் போட்டுக் கையாலேயே அலசினாள். மஞ்சள் முக்கால்வாசி போயிற்று. சூட்டுக் குழாயின் மேல் விரித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். மிச்சமிருந்த இடம் காயத் தொடங்கியிருந்தது. காய்ந்த ஓரம் பச்சை.

அந்த ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு விரிப்பை மறுபடி தொட்டியில் போட்டு, காரத் தூளைக் கூடுதலாகக் கொட்டி, கை எரிய எரியத் தேய்த்தாள். மூன்றாவது அலசலில் வெள்ளையாகிவிட்டது. கறையக்கா கைபட்டுப் போகாத கறையா?

மேலே வந்தபோது எட்டு. அதற்குள் நர்ஸம்மா ஏழு மணிச் சுற்றுக்கு வந்து போயிருந்தாள். பையில் ஒன்றுமில்லை, படுக்கை உலர்ந்திருக்கிறது என்று தாளில் எழுதி மாட்டியிருந்தாள். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார்.

"வயித்துல எரியுது டாக்டர். வலது தோள்பட்டையில வேற குத்துது" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "காத்து. இந்த ஆபரேஷன்ல உள்ள காத்து அடைச்சுத்தான் செய்யறது. அது தோள்லதான் குத்தும். எழுந்து நடங்க, சரியாப் போயிடும்." கட்டை அவிழ்க்கவில்லை. திரும்பும்போது கறையக்காவின் முகத்தில் எதையோ பார்த்தார் போலிருக்கிறது. "என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். டாக்டருக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு. நீ துணிய வெளு என்று சொல்லிவிட்டால் என்று ஒரு பயம். காற்றுதான் என்று அவரே சொல்லிவிட்டாரே என்று ஓர் ஆறுதல்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் அவர் கண்ணில் மஞ்சள் ஏறியது. வயிறு பானை போல உப்பி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினார். வேறொரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வயிற்றைத் திறந்த டாக்டர்தான் சொன்னார்: பையிலிருந்து வருகிற சின்னக் குழாயை வெட்டுவதற்குப் பதிலாக, பித்தம் குடலுக்கு இறங்குகிற பெரிய குழாயை வெட்டியிருக்கிறார்கள். அத்தனை நாளும் பித்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கி, எல்லாவற்றையும் அரித்துவிட்டது. முதல் இரண்டு மூன்று நாளில் கண்டுபிடித்திருந்தால் சரிசெய்வது சுலபமாக இருந்திருக்கும்.

கொஞ்சம் தெளிந்த ஒருநாள் லிஃப்ட்காரர் டாக்டரிடம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "கண்ணு, சைடு லைன வெட்டறதுக்கு மெயின் லைன வெட்டிட்டாங்க. எங்க வேலையில இப்படிச் செஞ்சா மறுநாள் ஒரு பய லிஃப்டத் தொட விடமாட்டான்." சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. அதற்குப் பிறகு இரண்டு அறுவை. பன்னிரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம், கறையக்கா அவர் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோதே அடங்கிவிட்டார்.

வழக்குப் போட்டது மகள். மருத்துவப் புகார்களை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. அதில் மனுக் கொடுத்தாள். வக்கீலம்மா பொறுமையானவள். தாய்க்கும் மகளுக்கும் விரல் விட்டு விளக்கினாள்.

"குழாய் மாறி வெட்டினதுக்கு மட்டும்னு போனா, இது இந்த ஆபரேஷன்ல வர்ற தெரிஞ்ச ஆபத்து, நல்ல டாக்டர் கையிலயும் நடக்கும்னு தப்பிச்சுக்குவாங்க. நீங்களும் சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாம பிடிக்க வேண்டியது தாமதத்த. ரெண்டாம் நாளே தெரிஞ்சிருக்கணும், பாக்காம விட்டாங்கன்னு காட்டணும். ஆனா நர்ஸ் தாள்ல படுக்கை உலர்ந்திருக்குன்னு எழுதியிருக்கே."

"பொய்!" மகள் மேசையைத் தட்டினாள். "அன்னைக்குக் காலையில அப்பா போன்ல சொன்னாரு. படுக்கையெல்லாம் ஈரம்னு. அவ பாக்கவே இல்ல. உக்காந்த இடத்துலயே எழுதியிருக்கா."

"அப்ப நம்ம கேஸே அந்த நர்ஸ் எழுதினது பொய்ங்கறதுலதான் நிக்கும்" என்றாள் வக்கீலம்மா. கறையக்காவைப் பார்த்தாள். "நீங்க அங்கதான இருந்தீங்க? நர்ஸ் வந்தப்போ படுக்கை ஈரமா இருந்துச்சான்னு கேப்பேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கறையக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். இஸ்திரிக்காரர் சிரிப்பு மூட்டுவதை விட்டுவிட்டு, "அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்று மட்டும் சொல்வார். தினமும் காலையில் கண்ணை மூடி, உண்மை வெளியே வரட்டும் ஆண்டவனே என்று வேண்டுவாள். அந்த உண்மை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்!

விசாரணை நாள் வந்தது. பெரிய நீதிமன்றம் எல்லாம் இல்லை, மூன்று மின்விசிறியும் ஒரு நீள மேசையும் இருந்த சாதாரண அறை. முதலில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது அவளுக்கு. புடவை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நேர்ல போய்ப் பார்த்தீங்களா, இல்ல வழக்கமா எழுதறத எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"பார்த்தேங்க. போர்வைய விலக்கிப் பார்த்தேன்."

"நோயாளி அவர் மகள்கிட்ட படுக்கை ஈரம்னு சொல்லியிருக்காரு. செத்துப்போனவர் பொய் சொன்னாருங்கறீங்களா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க." நர்ஸம்மாவின் குரல் உடைந்தது. "ஆண்டவன் சத்தியமா படுக்கை காஞ்சிருந்துச்சு. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். பாக்காம ஒரு எழுத்து எழுதினதில்ல."

"நல்லா நடிக்கறா" என்று மகள் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறையக்கா நர்ஸம்மாவையே பார்த்தாள். ஆண்டவன் பேரில் சத்தியம் பண்ணுகிறவள் நிஜத்தைச் சொல்லுகிறாள். அவளைப் பொய்க்காரி என்கிறது தன் பிள்ளை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வழக்கு ஜெயிக்கும். செத்தவருக்கு நியாயம் கிடைக்கும். முப்பத்தாறு வருஷத்து மனுஷி ஒருத்தி கறை பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வாயைத் திறந்தால்? மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் நின்றாள்.

"அம்மா, ரெண்டாம் நாள் காலையில உங்க வீட்டுக்காரர் படுக்கை ஈரமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நர்ஸ் பாக்க வந்தப்போ?"

கறையக்கா நர்ஸம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள்.

"அப்ப இல்லீங்க. அதுக்கு முன்னாடியே நான் மாத்திட்டேன். அந்தம்மா எழுதினது நிஜம்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவமனையின் வக்கீல் எழுந்தார். இனிமையாகப் பேசுகிறவர்.

"நீங்க பார்த்தது ஆபரேஷன்ல தடவற மருந்தாத்தான் இருக்கும், இல்லையாம்மா? அதுவும் மஞ்சளாத்தான் தெரியும்."

"இல்லீங்க. மருந்துக் கறை காயக் காய வெளுக்கும். இது காயக் காயப் பச்சையாச்சு. பித்தங்க அது. மூணு தடவ அலசினேன்."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா அதத்தான் அலசறேன்."

குழுவில் இருந்த மூவரும் நிமிர்ந்தார்கள். வக்கீல் ஒரு நிமிஷம் தாளைப் புரட்டினார். பிறகு அதே இனிமையோடு கேட்டார்:

"அப்ப அன்னைக்குக் காலையிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பித்தம் வெளிய வருதுன்னு. நர்ஸுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தெரியாது என்று சொல்ல இன்னும் வழி இருந்தது. பின்னால்தான் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. கறையக்கா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "விரலுக்குத் தெரிஞ்சுது. துணியில பார்த்தத மேல சொல்லக்கூடாதுங்கறது எங்க கூடத்துப் பழக்கம். டாக்டர் வந்து காத்துன்னாரு. பெரியவங்க சொல்றாங்களேன்னு இருந்துட்டேன். என்னம்மான்னு என்னைக் கேக்கவும் கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

பின் வரிசையில் ஒரு நாற்காலி உரசிற்று. மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வராந்தாவில் நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, என்ன காப்பாத்திட்டீங்க. உங்கள நீங்களே இப்படி..." கறையக்கா கையை விடுவித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். கண் மகளைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் பேருந்தேறிப் போயிருந்தாள்.

ஐந்தாம் வாரம் தீர்ப்பு தபாலில் வந்தது. மனு தள்ளுபடி. பெரிய குழாய் வெட்டுப்படுவது இந்த அறுவையில் அறியப்பட்ட ஆபத்து. இரண்டாம் நாள் கசிவை ஊழியர்கள் அறிய வாய்ப்பு இருக்கவில்லை. மூன்று பேரில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் கடைசியில் தனியாக எழுதியிருந்தார்: எரிகிறது, தோளில் குத்துகிறது என்று நோயாளியே வாய்விட்டுச் சொன்ன பிறகு, விரிப்பைப் பார்க்காவிட்டாலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து வாரமும் ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு உலை. மகள் வேலைக்குப் போவாள், வருவாள், தன் தட்டைத் தானே கழுவி வைப்பாள். "சாவி ஆணியில இருக்கு", "தண்ணி வரல" என்பதற்கு மேல் வார்த்தை கிடையாது. இஸ்திரிக்காரர் விஷயம் கேட்டு, "சின்னப் பொண்ணு, ஆறிடும்" என்றார். "ஆற வேண்டாம்ணே" என்றாள் கறையக்கா. "அவ கேக்கறதுல ஞாயம் இருக்கு."

தபாலைப் பிரித்துப் படித்தது மகள்தான். சாயங்காலம், சமையலறை வாசலில் நின்றுகொண்டே, கடைசி வரி வரை சத்தமாகப் படித்தாள். அந்த ஒருவர் தனியாக எழுதியதை இரண்டாம் தடவையும் படித்தாள். மடித்தாள். போகாமல் நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எது?"

"உனக்குத் தெரியும்ங்கறது."

கறையக்கா அடுப்பை அணைத்தாள். "தெரியாது. என்ன கலருன்னு கேட்டாரு. மருந்துன்னு சொன்னேன். நம்பிட்டாரு."

மகள் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"நீ சொல்லியிருந்தா அந்த டாக்டர் கேட்டிருப்பானா?"

கேட்டிருக்க மாட்டார் என்று சொன்னால் போதும். பாதிப் பாரம் இறங்கும், பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்காரும். எத்தனையோ இரவு அந்தப் பதிலைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தவள்தான் அவள்.

"தெரியல" என்றாள். "சொல்லிப் பாக்கலையே."

மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. கறையக்கா அருகில் போகவில்லை, தொடவில்லை. தொட உரிமை உண்டா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு இப்ப வரலம்மா."

"வேண்டாம். வரும்போது வரட்டும். வரலைன்னாலும் சரி."

"வீட்ட விட்டுப் போயிடலாம்னு இடம்கூடப் பார்த்தேன்."

"ம்."

"போகல." மூக்கை உறிஞ்சினாள். "நான் அன்னைக்கு அங்க இல்ல. போன்ல ரெண்டு நிமிஷம் பேசினதுதான் எனக்கு. அந்த நாள முழுசா எனக்குச் சொல்லு. காலையிலேர்ந்து. எதையும் வெளுக்காம சொல்லு."

கறையக்கா தரையில், மகளுக்கு எதிரே, கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு நொடி உதட்டை அசைத்தாள். பிறகு தொடங்கினாள்.

"அஞ்சரை மணி இருக்கும். உங்கப்பா எனக்கு முன்னாடியே முழிச்சுட்டாரு. எழுப்ப வேண்டாம்னு சும்மா படுத்திருந்தாராம். எனக்கு வாய் தொறந்து தூங்கற பழக்கமாம், அதப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னாரு. அதுக்கப்புறம்தான், ஏம்மா, கீழ ஈரமா இருக்குன்னு சொன்னாரு..."